ஹோபி 16: வீச்சு வந்தால் ஹல் தூக்குகிறது, தணிந்தால் படகு நின்றுவிடுகிறது. எதிர்காற்றில் எப்படி ஏறுவது?

பெரிங்கிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். படகு ஹோபி 16 (இரண்டு ஹல், அதாவது இரட்டை உடல் கொண்ட பாய்ப்படகு), மெயின் ஷீட் (மெயின் என்ற பெரிய பாயை இழுக்கும் கயிறு) 6:1, இருவருக்கும் ட்ரப்பீஸ் (கம்பியில் தொங்கி உடல் எடையை வெளியே போடும் அமைப்பு) இருக்கிறது. ரெண்டு பேர் எடை சேர்த்து 128 கிலோ. இடம் பினாங்குத் தீவின் வடகரையில் உள்ள பத்து பெரிங்கி. இப்போது காற்று தெற்கிலும் தென்மேற்கிலுமிருந்து மலையைத் தாண்டி வருகிறது. கரையை விட்டுப் போகும்போது ஒரு சிக்கலும் இல்லை. திரும்பி வரும்போதுதான் முழுக்க எதிர்காற்று. கரையை நெருங்க நெருங்க ஒரு நிமிஷம் 8 நாட் (மணிக்குக் கடல் மைல்), அடுத்த நிமிஷம் 18 நாட் என்று மாறி மாறி அடிக்கிறது.

நடப்பது இதுதான். வீச்சு (திடீர்ப் பலத்த காற்று) வந்ததும் காற்றுப் பக்க ஹல் சடாரென்று எழும்புகிறது. சுக்கானைத் தள்ளிக் காற்றுக்குள் திருப்பினால் ஹல் இறங்குகிறது, ஆனால் ஜிப் (முன்பாய்) படபடத்து வேகம் செத்துப்போகிறது. தணிவு வந்தால் ஜிப்பின் காற்றுப் பக்க நூல் (காற்றோட்டம் காட்டப் பாயில் ஒட்டியது) மேலே எழும்பி ஆடுகிறது. காற்று திரும்பிவிட்டது போல என்று மூக்கை இறக்கினால் (காற்றிலிருந்து விலக்கினால்), அடுத்த வீச்சு பக்கவாட்டில் வந்து அறைகிறது. ஹல் முன்னைவிட மோசமாக எழும்புகிறது. ஐந்து டாக் (மூக்கைக் காற்றின் ஊடே மறுபக்கம் திருப்புவது) அடித்தால் மூன்றில் மூக்கு காற்றுக்கு நேரே நின்று சிக்கிக்கொள்கிறது. டில்லரும் (சுக்கானின் கைப்பிடி) கனமாக இருக்கிறது, இருபது நிமிஷத்தில் கை வலிக்கிறது.

டிராவலர் (மெயின் ஷீட்டின் அடிமுனையைப் பக்கவாட்டில் நகர்த்தும் அமைப்பு) நடுவில்தான் இருக்கிறது. மெயின் ஷீட்டைக் கிளீட்டில் (கயிறு பிடிப்பான்) மாட்டிவிட்டுச் சுக்கானில்தான் சமாளிக்கிறோம். எங்கே தப்பு?

—

நீர்க்கோடு:

தப்பு உங்கள் கடைசிக் கேள்விக்கு முந்தின வாக்கியத்தில் இருக்கிறது, தம்பி. அடியில் பாரத்தகடு உள்ள கனமான படகை வீச்சில் சுக்கானால் காற்றுக்குள் ஏற்றலாம். அதன் எடையே அதை இன்னும் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போகும். ஹோபி 16 வெறும் 145 கிலோ. காற்று பிடிக்கும் பரப்போ நிறைய. பாய் இழுப்பதை நிறுத்தினால் ரெண்டு மூன்று படகு நீளத்துக்குள் நின்றுவிடும். நின்றால் பக்கவாட்டில் சறுக்கும், ஏனென்றால் இந்தப் படகுக்கு டேகர்போர்டும் (சறுக்கலைத் தடுக்கக் கீழே இறக்கும் பலகை) கிடையாது. ஹல்லின் வளைந்த வடிவம்தான் பக்கவாட்டுச் சறுக்கலைத் தடுக்கிறது, அதற்கு வேகம் வேண்டும். அதனால் வீச்சு வந்தால் முதலில் வேலை செய்ய வேண்டியது ஷீட் பிடித்த கை. சுக்கான் அதற்குப் பிறகு.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் கை தானாகவே பழகிவிடும். உண்மைக் காற்று 12 நாட், படகு அதற்கு 50 டிகிரியில் 7 நாட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படகில் நீங்கள் உணரும் காற்று 32 டிகிரியிலிருந்து 17 நாட்டாக வரும். இப்போது திசை மாறாமல் 18 நாட் வீச்சு வருகிறது. படகு இன்னும் வேகம் எடுக்கவில்லை, அதே 7 நாட். உணரும் காற்று 37 டிகிரிக்குப் பின்னால் நகர்ந்து 23 நாட்டாகிறது. பாயின் மேல் விழும் விசை ஏறக்குறைய 1.8 மடங்கு. பாய் 32 டிகிரிக்கு இழுத்து வைத்திருக்கிறது, காற்றோ 37-ல். கூடிய விசையும் அந்த 5 டிகிரி அதிகப்படி இழுப்பும் சேர்ந்துதான் ஹல்லைத் தூக்குகின்றன.

ஆகவே ஷீட்டை விடுவது காற்றை வீணாக்குவது ஆகாது. பாயைச் சரியான கோணத்துக்குக் கொண்டுவருகிறீர்கள், அவ்வளவுதான். பக்கவாட்டில் தள்ளிய விசை முன்னால் இழுக்கும் விசையாக மாறும். ரெண்டு மூன்று நொடியில் படகு 9 நாட்டுக்குப் போகும், உணரும் காற்று மறுபடி 34 டிகிரிக்கு முன்னால் வரும். அப்போது ஷீட்டை இழுத்துக்கொண்டே மூக்கை 3 முதல் 5 டிகிரி ஏற்றலாம். ஏற்றத்துக்குக் கூலி அங்கேதான் கிடைக்கிறது.

எவ்வளவு விடுவது? 6:1 என்றால் கையில் 60 செ.மீ. விட்டால் பூமில் (மெயினின் அடிக்கம்பம்) 10 செ.மீ.தான் நகரும். பலர் ஒரு சாண் விட்டுவிட்டு "விட்டேனே, இறங்கவில்லையே" என்கிறார்கள். ஒரு சாண் என்பது பூமில் 4 செ.மீ.கூட இல்லை. தோள்வரை கையை நீட்டித் தாராளமாக விடுங்கள். ஹல் தண்ணீரை விட்டுக் கிளம்பும் முன்னே விடணும். எழும்பிய பிறகு விட்டால் ஒரு நொடி பிந்திவிட்டீர்கள். கிளீட்டில் மாட்டுவதை இந்தக் காற்றில் அடியோடு மறந்துவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஷீட் எப்போதும் கையிலேயே இருக்கட்டும்.

இனி தணிவு. இதுதான் உங்களை ஏமாற்றுகிறது. 9 நாட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது உண்மைக் காற்று 8 நாட்டுக்கு விழுந்தால், உணரும் காற்று 34-லிருந்து 23 டிகிரிக்குத் தாவும். பதினோரு டிகிரி! காற்று திசை மாறவே இல்லை, ஆனால் ஜிப் உள்பக்கம் குழிகிறது, நூல் எழும்புகிறது. அதை நம்பி மூக்கைப் பத்துப் பதினைந்து டிகிரி இறக்கினால், படகு மெதுவானதும் காற்று பழைய இடத்துக்கே திரும்பிவிடும். நீங்கள் 60 டிகிரியில் மாட்டிக்கொண்டிருப்பீர்கள். அப்போது அடுத்த வீச்சு அறைந்தால் ஹல் எழும்பாமல் என்ன செய்யும்? தணிவில் 3 அல்லது 4 டிகிரிக்கு மேல் இறக்காதீர்கள். ரெண்டு மூன்று எண்ணுங்கள். அதற்குள் நூல் தானாகப் படிந்தால் அது போலி. படியவில்லை என்றால் காற்று நிஜமாகவே திரும்பியிருக்கிறது. அப்போது இறக்குங்கள், அல்லது டாக் அடிக்கலாமா என்று யோசியுங்கள்.

கூர்மையாக ஏறும் ஆசையும் வேண்டாம். 50 டிகிரியில் 7 நாட் ஓடினால் காற்றுத் திசையில் மணிக்கு 4.5 கடல் மைல் ஏறுகிறீர்கள். 43 டிகிரிக்கு நெருக்கி வேகம் 4.5 நாட்டுக்கு விழுந்தால் 3.3 மைல்தான். 55-க்கு இறக்கி 8 நாட் கிடைத்தால் 4.6. இதில் பக்கவாட்டுச் சறுக்கலை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் நெருக்கி ஓட்டுவது இன்னும் நஷ்டம்.

—

சுக்கான்பிடி:

நீர்க்கோடு அண்ணன் சொன்னதை முழுக்க ஏற்கிறேன். டில்லர் கனத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைச் சரி செய்யாமல் ஷீட்டை நுணுக்கமாக விளையாட முடியாது. ஒரு கை சுக்கானோடு மல்லுக்கட்டும்போது இன்னொரு கை என்ன செய்யும்?

முதலில் பிளேடு முழுக்க இறங்கிப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஹோபியின் சுக்கான் தட்டினால் மேலே மடங்கும் வகை. பூட்டின் திருகு தளர்ந்திருந்தால் வேகத்தில் தண்ணீர் பிளேடை ஒரு விரல் அளவு பின்னால் தள்ளிவிடும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. கரையில் படகை நிறுத்தி, பிளேடின் கீழ்முனையைப் பிடித்துப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். ஆடினால் அதுதான் காரணம். பிறகு சுக்கானைப் படகோடு இணைக்கும் கீலின் ஊசி வழியாக ஒரு நேர்க்கோடு கீழே போவதாக நினைத்துக்கொள்ளுங்கள், ஒரு நீளப் பலகையை வைத்தும் பார்க்கலாம். பிளேடின் முன்விளிம்பு அந்தக் கோட்டிலோ அதற்குச் சற்று முன்னாலோ இருக்கணும். பின்னால் போனால் கை வலி நிச்சயம். ரெண்டு பிளேடும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கணும். முன்விளிம்புகளுக்கு நடுவே உள்ள தூரத்தையும் பின்விளிம்புகளுக்கு நடுவே உள்ள தூரத்தையும் அளந்து பாருங்கள், வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருந்தால் போதும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கனம் குறையவில்லை என்றால் பாய்மரம் அதிகம் பின்னால் சாய்ந்திருக்கிறது. போட்டிக்காரர்கள் மெயின் ஷீட்டை முழுக்க இழுத்தால் மேல் பிளாக்கும் (கப்பி) கீழ் பிளாக்கும் முட்டும் அளவுக்குச் சாய்ப்பார்கள். பழைய பாயோடு அவ்வளவு சாய்க்க வேண்டாம். பாய் ஏற்கெனவே நீண்டு போயிருக்கும், லீச்சை (பாயின் பின்விளிம்பு) இறுக்க முடியாமல் பிளாக் முன்னமே முட்டிவிடும். முன் கம்பியில் ஒரு துளை முன்னால் கொண்டுவந்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். சுக்கானை ரெண்டு விரலால் பிடிக்க முடிந்தால் அதுதான் அளவு. கையை விட்டால் படகு மெல்லக் காற்றுக்குள் திரும்பணும், சுழன்று போகக் கூடாது.

ஜிப் ஹாலியார்டு (ஜிப்பை ஏற்றும் கயிறு) பற்றி யாரும் பேசுவதில்லை. இந்தப் படகில் கம்பிகளின் இறுக்கம் முழுக்க ஜிப் ஹாலியார்டில்தான் இருக்கிறது. அதை இழுத்தால் பாய்மரம் முன்னால் வந்து பக்கக் கம்பிகள் இறுகும். அது தளர்ந்திருந்தால் வீச்சில் ஜிப்பின் முன்விளிம்பு வில்லாக வளையும். வளைந்தால் ஜிப் குண்டாகும், படகு ஏறாது, சாயும். எந்த நேரத்தில் பாய் தட்டையாக இருக்கணுமோ அந்த நேரத்தில் அது தானாகவே குண்டாகிவிடுகிறது! ஹாலியார்டை நன்றாக இழுத்துக் கட்டுங்கள், ஆள் எடையைப் போட்டே இழுக்கலாம். ஓடும்போது ஒதுக்குப் பக்கக் (காற்றுக்கு மறுபக்கக்) கம்பி கொஞ்சம் தொய்வாக ஆடுவது தப்பில்லை.

டவுன்ஹாலை (மெயினின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கயிறு) முன்விளிம்பின் குறுக்குச் சுருக்கம் மறைந்து, இன்னும் கொஞ்சம் இறுகும்வரை இழுங்கள். பழைய பாய்க்கு இது ரொம்ப முக்கியம். பாயின் குழி பின்னால் நகர்ந்திருக்கும். இறுக்கினால் முன்னால் வரும், மேல் லீச்சும் திறந்து கொடுக்கும். வீச்சில் பாயின் மேல்பகுதி தானாக விலகிக் காற்றை விடுவது இப்படித்தான். அவுட்ஹாலும் (பாயின் அடிவிளிம்பை இழுக்கும் கயிறு) இறுக்கம். பேட்டன் (பாயில் செருகிய பட்டை) கயிற்றைச் சுருக்கம் மறையும் அளவுக்கு மட்டும் கட்டுங்கள், அதற்கு மேல் இறுக்கினால் பாய் இன்னும் குழியும்.

—

மாலைக்காற்று:

ஒரு சின்ன மாறுபாடு. டிராவலர் நடுவிலேயே இருக்கட்டும் என்று யாரும் சொல்லவில்லைதான், மாற்றச் சொல்லவும் இல்லை. சராசரி 15 நாட்டுக்கு மேல் போனால் நடுவிலிருந்து 15 அல்லது 20 செ.மீ. இறக்கி அங்கேயே விட்டுவிடலாம். பாயின் வடிவம் கெடாமல் மொத்த இழுப்பும் குறையும், ஷீட்டை விட வேண்டிய அளவும் குறையும். ஆனால் ஒவ்வொரு வீச்சுக்கும் டிராவலரை விளையாடுவது ஹோபி 16-ல் நடக்காத காரியம். மெயின் ஷீட்டின் மறுமுனையே டிராவலர் கயிறு. அவசரத்தில் கை தப்பான பாதியைப் பிடிக்கும். டிராவலர் என்பது வைத்துவிட்டு மறக்கிற விஷயம், ஷீட்தான் உயிரோடு இருக்கிற கயிறு.

இன்னொன்று. ஜிப்பை இரும்பாக இழுத்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இழுத்த இடத்திலிருந்து 2 முதல் 3 செ.மீ. விடுங்கள். ஜிப்புக்கும் மெயினுக்கும் நடுவே உள்ள இடைவெளி அடைந்துவிட்டால் மெயினின் முன்பகுதி உள்ளே குழியும், நீங்கள் மெயினை இன்னும் இழுப்பீர்கள், படகு இன்னும் சாயும்.

—

பெரிங்கிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. பிளேடு ஆடுகிறது! வலப்பக்கச் சுக்கான் ஒரு விரலுக்கு மேல் பின்னால் போகிறது. பூட்டுத் திருகை இறுக்கிவிட்டேன். கீல் ஊசியும் தேய்ந்திருக்கிறது, புதுசு வாங்கணும்.

ரெண்டு கேள்வி பாக்கி. ட்ரப்பீஸில் இருக்கும் ஆள் தணிவில் தண்ணீரில் விழப் பார்க்கிறான், அவன் என்ன செய்யணும்? அப்புறம் டாக். கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள், ஒவ்வொரு கையும் எந்த நேரத்தில் எங்கே இருக்கணும் என்று.

—

நீர்க்கோடு:

ட்ரப்பீஸ் ஆள்தான் படகின் கண். அவன் பாயைப் பார்க்கக் கூடாது, தண்ணீரைத்தான் பார்க்கணும். கறுத்த திட்டு வருவதை "மூணு நீளம், ரெண்டு, ஒண்ணு, வந்தாச்சு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். "ரெண்டு" என்றபோதே அவன் வெளியே போகணும். திட்டு முடிகிற இடத்தையும் சொல்லணும். தணிவில் ஓடி உள்ளே வந்துவிடக் கூடாது. முட்டியை மடக்கிப் பின்புறத்தை ஹல்லின் ஓரத்துக்குக் கொண்டுவந்தால் போதும், எடை உள்ளே வந்துவிடும். அடுத்த வீச்சுக்கு முட்டியை நீட்டினால் மறுபடி வெளியே. காலை அகலமாக வைக்கணும், வெளியே நிற்கும்போது முன்கால் நேராக. வீச்சு மாறிக்கொண்டே இருக்கும் நாளில் ட்ரப்பீஸ் வளையத்தைக் கொஞ்சம் உயரமாக மாட்டிக்கொள்ளுங்கள். எடையின் பலன் சிறிது குறையும், ஆனால் உள்ளே வெளியே போவது பாதி நேரத்தில் நடக்கும். இந்த மாதிரி நாளில் சுக்கான் பிடிப்பவர் உள்ளேயே உட்கார்ந்து ஷீட்டைப் பார்ப்பது நல்லது, ஒருவர் மட்டும் கம்பியில் இருந்தால் போதும். போட்டி விதிப்படி குழுவின் குறைந்தபட்ச எடை 129.3 கிலோ, நீங்கள் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள், எடை குறைச்சல் என்று கவலைப்பட வேண்டாம்.

எடையை முன்பின் எங்கே வைப்பது? மூக்கின் கீழ்வளைவு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் போகணும். மூக்கு குத்தினால் இருவரும் ஒரு சாண் பின்னால். பின்பக்கம் தண்ணீரைக் கடைந்து நுரை இழுத்தால் ஒரு சாண் முன்னால்.

—

சுக்கான்பிடி:

டாக்குக்கு வருகிறேன். ஹோபி 16 டாக் அடிக்கச் சிரமப்படும் படகுதான், ஆனால் ஐந்துக்கு மூன்று சிக்குவது அதிகம். பெரும்பாலும் மூன்றில் ஒரு காரணம்: மெதுவாக ஓடும்போது தொடங்குவது, சுக்கானை முறித்துத் திருப்புவது, ஜிப்பைச் சீக்கிரம் விடுவது.

வீச்சு உச்சத்திலும் அடிக்காதீர்கள், தணிவில் கண்டிப்பாக அடிக்காதீர்கள். வீச்சின் நடுப்பகுதி தாண்டி, படகு முழு வேகத்தில், காற்று சீராக இருக்கும் பத்து நொடிதான் உங்களுக்கு வேண்டும். முன்னால் உள்ள அலையையும் பாருங்கள், தட்டையான இடத்தில் தொடங்குங்கள். ட்ரப்பீஸ் ஆள் உள்ளே வந்து கொக்கியைக் கழற்றியாச்சு என்று சொன்ன பிறகுதான் டில்லரைத் தொடணும்.

மெயினை முழுக்க இழுங்கள். இறுக்கமான மெயினே மூக்கைக் காற்றுக்குள் தள்ளும், சுக்கானுக்குப் பாதி வேலை மிச்சம். டில்லரை மெதுவாகத் தொடங்கிப் போகப் போக அதிகமாக்குங்கள், மொத்தம் 40 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். அதற்கு மேல் போனால் பிளேடு திருப்பாது, பிரேக்காக நிற்கும். உங்கள் டாக் பாதியில் சாவதற்கு இதுவே பெரிய காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கனமான சுக்கானோடு பழகியவர்கள் பலமாகத் தள்ளுவார்கள்.

இப்போது மூக்கு காற்றுக்கு நேராக வருகிறது. ஜிப் ஷீட் பழைய கிளீட்டிலேயே இருக்கணும். காற்று அதன் மறுபக்கத்தில் பிடித்து, பாய் வீங்கி, மூக்கை அந்தப் பக்கம் தள்ளும். அதே நேரத்தில் மெயினை 60 செ.மீ.யிலிருந்து ஒரு மீட்டர்வரை விடுங்கள். இதை மறந்தால் மெயின் காற்றுகாட்டியின் வால் மாதிரி வேலை செய்து மூக்கை மறுபடி காற்றுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தும். டிரம்போலினை (ஹல்களுக்கு நடுவே கட்டிய விரிப்பு) கடக்கும்போது சுக்கான் பிடிப்பவர் பின்கம்பத்தை ஒட்டிக் கடக்கட்டும். பின்னால் எடை இருந்தால் மூக்குகள் லேசாகித் திரும்புவது எளிது.

மூக்கு காற்றைத் தாண்டி, மெயினின் பேட்டன்கள் மறுபக்கம் புரளும் சத்தம் கேட்டதும் ஜிப்பை விட்டு மறுபக்கம் இழுங்கள். பழைய பாயில் மேல் பேட்டன் ரெண்டும் புரளாமல் எதிர்ப்பக்கம் குழிந்தே நிற்கும். பூமை ஒரு உலுக்கு உலுக்கினால் புரண்டுவிடும். டில்லரை நேராக்குங்கள், ஆனால் உடனே நெருக்கி ஏற வேண்டாம். 55 அல்லது 60 டிகிரிக்கு இறங்கி, மெயின் தளர்வாக, வேகம் வரும்வரை பொறுங்கள். வேகம் வந்தபின் மெயினை இழுத்துக்கொண்டே ஏறுங்கள்.

சிக்கிவிட்டால் பதற்றம் வேண்டாம். மெயினை முழுக்க விடுங்கள். எந்தப் பக்கம் காற்று வாங்கப் போகிறீர்களோ அந்தப் பக்கத்துக்கு ஜிப்பின் முனையைக் கையாலேயே இழுத்துப் பிடிக்கணும். பூமையும் டில்லரையும் அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளுங்கள். உதாரணமாக, வலப்பக்கம் காற்று வேண்டுமென்றால் ஜிப் வலப்பக்கம், பூமும் டில்லரும் இடப்பக்கம். படகு பின்னோக்கி நகரும், பின்பக்கம் வலப்பக்கம் போகும், மூக்கு இடப்பக்கம் விழும். காற்று 60 டிகிரிக்கு வந்ததும் டில்லரை நேராக்கி ஜிப்பை மறுபக்கம் மாற்றுங்கள். மெயினைக் கடைசியில்தான் இழுக்கணும். பின்னோக்கிப் போகும்போது பிளேடுகள் திடீரென்று புரண்டு டில்லரைக் கையிலிருந்து பிடுங்கும், இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

—

பாய்நூல்:

எங்களிடம் டேகர்போர்டு உள்ள படகு. இதே விதிதானா?

—

மாலைக்காற்று:

ஷீட் விஷயத்தில் அதேதான். காற்று அதிகமாகிவிட்டால் போர்டு ரெண்டையும் மூன்றில் ஒரு பங்கு தூக்கிவிடுங்கள். கீழே பிடிப்பு குறைந்தால் வீச்சில் ஹல் எழும்பாமல் கொஞ்சம் பக்கவாட்டில் வழுக்கும், உங்களுக்கு அரை நொடி கூடுதலாகக் கிடைக்கும். தணிவு நாளில் முழுக்க இறக்கியே வையுங்கள்.

—

வாடைமுனை:

எல்லாரும் படகைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். இந்தக் காற்றைப் பற்றியும் சொல்லியாகணும், ஏனென்றால் பத்து பெரிங்கியில் தென்மேற்குக் காற்று என்பது ஒரு தனி விவகாரம்.

தீவின் நடு மலை 833 மீட்டர்வரை உயர்கிறது. அதன் வடக்குச் சரிவு நேராகக் கடற்கரைச் சாலைக்கே இறங்குகிறது. தெற்கிலிருந்து வரும் காற்று அந்த முகட்டைத் தாண்டிக் கீழே விழும்போது உருண்டு சுழன்று வரும். கரையோரத்தில் ஒரு நிமிஷம் சுத்த அமைதி, அடுத்த நிமிஷம் மேலிருந்து விழும் வீச்சு, சில நேரம் கரையை நோக்கியே கூட ஒரு சுழல். மலையின் உயரத்தைப் போல் பல மடங்கு தூரத்துக்கு இந்தக் கலக்கம் இருக்கும். வெளியே போகப் போகக் காற்று சீராகிறது, அதனால் நாள் நல்ல நாள் என்று நினைத்து இன்னும் தூரம் போகத் தோன்றும். திரும்பி வரும் கடைசிப் பகுதிதான் கஷ்டமான பகுதி, அதை நீங்கள் களைத்த கையோடு செய்கிறீர்கள். ஆகவே கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் முதலில் கரையோரத்திலேயே நான்கு டாக் அடித்துப் பாருங்கள். நான்கும் முடிந்தால் மட்டும் வெளியே போங்கள்.

மேலிருந்து விழும் வீச்சு தண்ணீரைத் தொட்டதும் விசிறி மாதிரி விரியும். கறுத்த திட்டின் ஓரத்தில் நுழையும்போது காற்று மூக்குப் பக்கம் திரும்பி வரும், நடுவைத் தாண்டி வெளியேறும்போது பின்னால் நகரும். வீச்சு வந்தால் ஏறலாம் என்று சொன்னதை நம்பி நுழைவிலேயே மூக்கை ஏற்றினால் பாய் செத்துவிடும். நுழைவில் ஷீட்டை மட்டும் பாருங்கள், ஏற்றத்தை நடுவுக்குப் பிறகு எடுங்கள்.

குளிர்நாட்டுப் பாய்ப்படகுப் புத்தகங்களில் வட கோளத்தில் வீச்சு எப்போதும் வலப்பக்கம் திரும்பி வரும் என்று படித்திருப்பீர்கள். பூமியின் சுழற்சியால் மேல்காற்றும் தரைக்காற்றும் வெவ்வேறு திசையில் வீசுவதுதான் அதற்குக் காரணம். பினாங்கு இருப்பது 5 டிகிரி 25 நிமிட வடக்கில். இங்கே அந்தச் சுழற்சி விளைவு 50 டிகிரி வடக்கில் உள்ளதில் எட்டில் ஒரு பங்குதான். அந்த விதியை இங்கே நம்பி எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்யாதீர்கள். இங்கே வீச்சின் திசையைத் தீர்மானிப்பது மலையின் பள்ளத்தாக்குகள்.

வெயில் ஏறினால் வடக்கிலிருந்து கடல்காற்று கிளம்பி இந்தக் காற்றோடு மோதும். ரெண்டுக்கும் நடுவே கண்ணாடி மாதிரி ஒரு பட்டை தெரியும். அதற்குள் வேகத்தோடு நேராகக் கடந்து போங்கள், ஏறப் பார்க்காதீர்கள். மறுபக்கம் காற்று 180 டிகிரி மாறியிருக்கலாம், ஷீட் கையில் தயாராக இருக்கட்டும்.

சுமத்ரா சூறையை வீச்சோடு சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள். தென்மேற்குப் பருவத்தில் அது பெரும்பாலும் விடியலுக்கு முன்னிருந்து முற்பகல்வரை நீரிணையைத் தாண்டி மேற்கிலிருந்து வரும். அடிவானத்தில் கறுப்பு வளைவாக மேகம், அதன் கீழே வெள்ளையாக மழைத்திரை. ஷீட்டை விட்டுச் சமாளிக்கிற காற்று கிடையாது அது. காலையில் புறப்படும் முன் மெட்மலேசியாவின் ரேடார் படத்தைப் பாருங்கள், மேற்கில் நீளமாக ஒரு பட்டை இருந்தால் படகை மணலிலேயே வையுங்கள். ஹோபி 16-ல் மெயின் பாய் பாய்மர உச்சியில் கொக்கியில் பூட்டி நிற்கும். சூறை வந்த பிறகு கடலில் அதைக் கழற்றி இறக்கலாம் என்று எண்ண வேண்டாம்.

கவிழ்ந்தால் ஒன்று முக்கியம். இங்கே கரையோரம் ஆழம் குறைவு, அடியில் சேறு. பாய்மரம் 8 மீட்டர். படகு முழுக்கத் தலைகீழானால் பாய்மர உச்சி சேற்றில் குத்திக்கொள்ளும், பிறகு ரெண்டு பேரால் நிமிர்த்துவது பெரும்பாடு. அதனால் பக்கவாட்டில் கவிழ்ந்ததுமே ஒருவர் நேராகக் கீழ் ஹல்லின் மேல் ஏறி நிற்கட்டும், டிரம்போலினில் தொங்க வேண்டாம். ஷீட்டுகள் எல்லாம் கிளீட்டிலிருந்து விடுபடணும். மூக்கு காற்றை நோக்கித் திரும்பும்வரை பொறுங்கள், முன்னால் நகர்ந்து நின்றால் சீக்கிரம் திரும்பும். நிமிர்த்தும் கயிற்றை மேல் ஹல்லின் மேலாகப் போட்டு இருவரும் ஒன்றாகச் சாய்ந்து தொங்குங்கள். பாய் தண்ணீரைக் கொட்டிவிட்டு மெல்ல எழும்பும், அவசரப்பட்டு உலுக்க வேண்டாம். படகு நிமிரும் நொடியில் டால்பின் கம்பத்தையோ (முன்கம்பத்துக்கு அடியில் உள்ள தாங்குகம்பி) முன்கம்பத்தையோ பிடித்துக்கொள்ளணும், ஏனென்றால் இந்தக் காற்றில் ஆளில்லாத படகு வடக்கே ஓடிவிடும். நீந்தி அதைப் பிடிக்க முடியாது. கரைக்கு நீந்தவும் கிளம்பாதீர்கள், படகை விடாதீர்கள். போன் தண்ணீர் புகாத பையில் உடம்போடு இருக்கட்டும், அவசரத்துக்கு 999.

—

பெரிங்கிக்கரை:

வாடைமுனை ஐயா, கரையோரத்தில் நான்கு டாக் என்பதைப் பிடித்துக்கொண்டேன். கீல் ஊசி மாற்றி முன் கம்பியை ஒரு துளை முன்னால் கொண்டுவந்தாச்சு. ஒன்று மட்டும் கேட்கிறேன். கரைக்குக் கடைசி நூறு மீட்டரில் ஜெட் ஸ்கியும் பாராசெயில் படகுகளும் ஓடுகின்றன. அங்கே காற்று செத்துப்போனால் என்ன செய்வது?

—

வாடைமுனை:

அந்தப் பகுதிக்குள் பக்கவாட்டுக் காற்றோடு நுழையும்படி வெளியிலேயே உயரம் சேர்த்துக்கொள்ளுங்கள், அதாவது தேவையான அளவு காற்றுக்கு எதிராக ஏறிவிடுங்கள். நீங்கள் இறங்கும் இடத்துக்கு நேர் எதிரே வராமல், கரையை ஒட்டி இருநூறு மீட்டர் மேற்கேயோ கிழக்கேயோ, அன்று எந்தப் பக்கம் காற்றுக்கு மேலே இருக்கிறதோ அங்கே வந்து, பிறகு கரைக்கு ஓரளவு இணையாக இறங்கி வாருங்கள். அப்படி வந்தால் உள்ளே டாக் அடிக்கத் தேவையே இருக்காது. இறங்க ஆரம்பிக்கும்போது மெயினை முதலில் விட்டுவிட்டு அப்புறம் மூக்கைத் திருப்புங்கள். மெயின் இறுக்கமாக இருக்கும்போது திருப்பினால் வீச்சு ஒன்று போதும், ஒதுக்குப் பக்க மூக்கு குத்திப் படகு குட்டிக்கரணம் போட்டுவிடும். காற்று முழுக்கச் செத்தால் ஒரு துடுப்பை டிரம்போலினில் கட்டி வைத்திருங்கள், ஒருவர் முன்கம்பத்தின் மேல் மண்டியிட்டுத் துடுப்பு போட்டால் நூறு மீட்டர் தாராளமாக வரலாம். இடுப்பளவுத் தண்ணீர் வந்ததும் சுக்கான் ரெண்டையும் மேலே தூக்கிவிடுங்கள், புது ஊசி வீணாகாது.